கல்லூரிச் சகோதரியர்

'சோரார்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு உடன்பிறந்தாள் என்பது பொருள். அமெரிக்கக் கல்லூரிகளில் 'சொராரிட்டி' என வழங்கும் மாணவியர் சங்கங்களுக்குப் பெயர் அதனின்றும் வந்ததே. பெயர் இலத்தீனாயினும், இச்சங்கங்கள் தமக்குச் சூட்டிக்கொள்வன கிரேக்க எழுத்துக்களாகும். ஆடவர் சங்கங்களில் பெண்களுக்கு இடமில்லாமையால், அவர்கள் அதே வழக்கைப் பின்பற்றித் தமக்கெனத் தனிச் சங்கங்கள் கண்டனர். ஆனால் அவையும் கறுப்பின மாணவியருக்குக் கதவைத் திறக்கவில்லை.

அடிமைமுறை ஒழிந்து 43 ஆண்டுகளே ஆகியிருந்த 1908இல், வாஷிங்டன் நகரத்து ஹோவர்டு பல்கலைக்கழகத்தில், எதெல் ஹெட்ஜ்மன் என்னும் மாணவியின் முயற்சியால் ஒன்பதின்மர் கூடி 'ஆல்பா கப்பா ஆல்பா'வை நிறுவினர். கறுப்பினப் பெண்கள் கண்ட முதல் கிரேக்க எழுத்துச் சங்கம் இதுவே. ஐவிக் கொடி இதன் சின்னம். இளஞ்சிவப்பும் பச்சையும் இதன் நிறங்கள். பட்டம் பெற்றதும் உறவு அற்றுப்போவதில்லை. உறுப்பினர் வாழ்நாள் முழுதும் உறுப்பினரே. சென்னையில் பிறந்த தாயின் மகளாகிய கமலா ஹாரிஸ், ஹோவர்டில் பயின்றபோது 1986இல் இதில் சேர்ந்தார். 2021இல் அந்நாட்டின் துணைக் குடியரசுத் தலைவரானார்.

சங்கத்தின் போக்கில் மாறுதல் வேண்டிய சிலர் பிரிந்து, 1913 சனவரியில் 22 பேராக 'டெல்டா சிக்மா தீட்டா'வைத் தொடங்கினர். அடுத்த மார்ச்சு 3ஆம் நாளே, பெண்களுக்கு வாக்குரிமை கோரி வாஷிங்டனில் நடந்த ஊர்வலத்தில் அவர்கள் நடந்தனர். பிரிவினை எல்லாம் தீமையே என்று கொள்வதற்கில்லை போலும்!

புதியோரைச் சோதிப்பதாகச் சொல்லித் துன்புறுத்தும் வழக்கம் இத்தகைய சங்கங்களுக்கு நெடுங்காலமாக ஒரு மாசு. நம் கல்லூரிகளும் இதை அறியும். அதனை மரபு என்று சொல்ல என் நா எழவில்லை.

மரபு என்று நான் மதிப்பது வேறொன்று. 1935ஆம் ஆண்டுக் கோடையில், டாக்டர் டாரத்தி ஃபெரெபீ தலைமையில் இச்சங்கத்துப் பெண்கள் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்தித் தோட்டங்களுக்குச் சென்றனர். அங்கே ஏழைக் கறுப்பினத் தொழிலாளர் மருத்துவரைக் காண்பதே அரிது. ஓரிடத்தில் மருத்துவ முகாம் அமைத்து அழைத்தால் வருவார்கள் என்று எண்ணினர். வேலையாட்களைத் தோட்டத்தை விட்டு வெளியே விடத் தோட்ட முதலாளிகள் இசையவில்லை. இப்பெண்கள் திரும்பிவிடவில்லை, மருந்துகளைத் தம் மோட்டார் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, தோட்டந்தோறும் தாமே சென்றனர். குழந்தைகளுக்கு அம்மை, தொண்டை அடைப்பான் நோய்களுக்குத் தடுப்பூசி இட்டனர், பற்களைச் சோதித்தனர், உணவு முறையைத் தாய்மார்க்கு எடுத்துரைத்தனர். கோடைதோறும் இவ்வாறே வந்தனர். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலும் டயரும் கிடைப்பது அரிதான பின்னரே அவ்வண்டிகள் நின்றன.