மொரிஸ் மைனரின் ஷொக் எப்சோபரும் புத்தளத்து உப்புக்காற்றும்

மொரிஸ் மைனர் காரின் ஷொக் எப்சோபருக்குள் இருக்கும் ஒயில் செலவாகிற பொருள் அல்ல. பெற்றோல் எரிந்து தீர்கிறது. இதுவோ மூடிய உலோகப் பெட்டிக்குள் ஒரு சிலிண்டரிலிருந்து மற்றதற்கு ஓடித் திரும்புகிறது, அவ்வளவுதான். ஆகவே மட்டம் குறைந்திருந்தால் அது எங்கோ ஒழுகியிருக்கிறது.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தக் காரின் முன்பக்கத்தை முறுக்குத் தண்டுகளும் பின்பக்கத்தை இலை ஸ்பிரிங்குகளும் தாங்குகின்றன. ஸ்பிரிங் குலுக்கலை வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். அதை அடக்குவது நெம்புகோல் கை கொண்ட ஆர்ம்ஸ்ட்ரோங் ஷொக் எப்சோபர். சில்லு எழும்போது கை ஒரு தண்டைத் திருப்புகிறது, தண்டு இரண்டு பிஸ்டன்களை அசைக்கிறது, ஒயில் ஒடுங்கிய வால்வின் ஊடாக நெருக்கிப் பாய்ந்து சூடாகிறது. பள்ளத்தில் விழுந்த வேகம் இப்படி வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும்.

1955இல் வந்த சிட்ரோயன் டி.எஸ். காரில் நிலைமை வேறு. அங்கே காரின் பாரத்தையே திரவமும் நைதரசன் வாயுவும் சுமக்கின்றன. அழுத்தம் போனால் கார் தரையோடு படுத்துவிடும், எவருக்கும் தெரியும். மொரிஸ் மைனரில் ஒயில் முழுதும் போனாலும் கார் நிமிர்ந்தே நிற்கும். பழகிய ஆட்டம்தானே என்று ஓட்டுபவர் விட்டுவிடுவார். முன்பக்கக் கைகளே சில்லுகளைப் பிடித்திருக்கும் மேல் இணைப்புகளும் என்பதால், அந்த அலட்சியம் நல்லதல்ல.

கற்பிட்டி, உடப்பு, சிலாபம் என்று நீளும் கரையோரத்தில் ஒழுக்குக்கு உப்பும் துணைபோகிறது. புத்தளம் வறண்ட பிரதேசம். மழை குறைவு என்பதால்தான் அங்கே உப்பளங்கள் விளைகின்றன. வறண்ட ஊரில் இரும்பு ஏன் துருப்பிடிக்க வேண்டும்? கறியுப்பான சோடியம் குளோரைட்டு, காற்றின் ஈரப்பதன் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். கடலுப்போடு சேர்ந்து வரும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். உப்பளத்தில் உப்புப் படிந்த பின் மிஞ்சும் கசப்பு நீரில் நிறைந்திருப்பதும் அதுதான். காற்றில் வந்து படியும் உப்புப் படலம் மழையில்லாத நாளிலும் உலோகத்தை ஈரமாகவே வைத்திருக்கிறது. கை பொருந்திய தண்டின் வெளிமுனையில் துரு குழி பறித்தால் அதன் விளிம்பு ரப்பர் சீலை அராவிவிடும். ஒயில் அவ்வழியே கசியும்.

சோதிப்பது எளிது. காரின் ஒரு மூலையை அழுத்திவிட்டால் அது ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். ஊஞ்சலாடினால் ஒயில் குறைவு, அல்லது வால்வில் பழுது. பெட்டியின் உடம்பில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய மணலும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஊற்றும் வேலையில் பாதிக்குமேல் துடைப்பதுதான். மேலேயுள்ள மூடியைச் சுற்றி உப்பும் மணலும் ஒட்டியிருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்த பிறகே ஸ்பானரைப் போட வேண்டும். உள்ளே விழும் ஒரு மணல் வால்வைக் கெடுக்கப் போதும். ஒயில் மூடித் துளையின் மரைக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். சூடானால் விரிவதற்கு இடம் தேவை என்பதால் விளிம்புவரை நிரப்பக் கூடாது. பின்பக்கக் கையின் இணைப்பைக் கழற்றி, கையை மேலும் கீழும் பலமுறை அசைத்தால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். மட்டம் இறங்கினால் மீண்டும் சிறிது ஊற்றலாம். அசைவு முழுவதும் ஒரே இறுக்கம் இருக்க வேண்டும். நடுவில் வெறுமையாக ஓடினால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது.

ஷொக் எப்சோபருக்கென உள்ள திரவமே சிறந்தது. அது கிடைக்காவிட்டால் எஸ்.ஏ.இ. 20 தரக் கனிம ஒயில் போதும். கடுங்குளிரில் அது தடித்துவிடும் என்பது ஐரோப்பியர் கவலை; புத்தளத்தில் அதை நினைக்க வேண்டியதில்லை. பிரேக் ஒயிலை மட்டும் ஊற்றக் கூடாது. அது வேறு வகைத் திரவம், இந்தச் சீல்களுக்கு ஒத்துவராது. அதேபோல் கனிம ஒயில் பிரேக்கில் கலந்தால் அங்குள்ள ரப்பர் ஊதிப்போய், பிரேக்கே பிடிக்காமல் போகலாம்.

சில வாரங்களிலேயே மட்டம் மறுபடி இறங்கினால் ஊற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. பெட்டியைக் கழற்றி, தண்டைச் சீர்செய்து, புதுச் சீல் போட வேண்டும். அதையும் ஒரே அச்சின் இரு பக்கத்துக்கும் சேர்த்தே செய்வது முறை; ஒன்று இறுகியும் மற்றது தளர்ந்தும் இருந்தால் கார் வளைவுகளில் ஒருபுறமாக இழுபடும்.