சோற்றைக் குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள்!

எங்கள் தெருவில் இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சுதான். "சோத்தை விட்டாச்சு, முட்டை, பனீர், வெண்ணெய், தேங்காய்தான். ஒரே மாசத்துல ஜாக்கெட் லூசாயிடுச்சு!" என்கிறார்கள். மாவுச்சத்தைக் குறைத்து இளைப்பது ஒன்றும் புதிதல்ல. 1863லேயே லண்டனில் வில்லியம் பான்டிங் என்பவர், டாக்டர் சொற்படி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கை விட்டு இளைத்த கதையைச் சிறு புத்தகமாகவே போட்டிருக்கிறார்.

என் நாத்தனாரும் ஆரம்பித்தாள். அவள் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவள். சோற்றை நிறுத்தியவள், மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே போட்டு வந்தாள். பத்தாம் நாள் காலை கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளை, என் மாமியார் சட்டென்று சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். டாக்டரோ, "சாப்பாட்டை மாத்தினா மாத்திரை அளவையும் மாத்தணும்மா. முதல்ல எங்கிட்ட சொல்ல வேண்டாமா?" என்று கடிந்துகொண்டார். அவர் அளவைக் குறைத்து எழுதித் தந்த பிறகே மறுபடி தொடர்ந்தாள். நான்கு மாதத்தில் அவள் இடுப்புச் சுற்றளவு 38 அங்குலத்திலிருந்து 35 ஆகிவிட்டது!

எனவே தோழிகளே, சர்க்கரைக்கோ, பிரஷருக்கோ மருந்து சாப்பிடுபவர்கள், இன்சுலின் போடுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.

முதல் வாரத்தில் மளமளவென்று எடை குறைந்தால், அதில் பெரும்பங்கு உடம்பில் இருந்த தண்ணீர்தான். அதனால் எடை மிஷினை மட்டும் நம்பாமல், தையல் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே, வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் அளக்க வேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது சுமார் 31½ அங்குலத்துக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் போகப் போக சர்க்கரை, இதய நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

பனீருக்கும் பாதாமுக்கும் பட்ஜெட் இடம் தரவில்லையே என்று ஏங்கவும் வேண்டாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரை ஓராண்டு கவனித்து, 2018ல் முடிவை வெளியிட்டார்கள். மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இளைத்திருந்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை! இரண்டு கரண்டி சோற்றை ஒன்றாக்கி, பொரியலையும் கீரையையும் இரு மடங்காக்கி, ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்த்துக்கொள்ளலாம். காபியில் சர்க்கரையையும், மாலை நேர பிஸ்கட், மிக்சரையும் விட்டுவிடலாம். இதற்குத் தனிச் சமையலும் தேவையில்லை.

பக்கத்து வீட்டு அக்கா இளைத்தார் என்பதற்காக அவர் சாப்பாட்டை அப்படியே நாமும் சாப்பிட முடியாது. அவர் வீட்டு மாத்திரை டப்பா வேறு. நம் வீட்டு மாத்திரை டப்பா வேறு அல்லவா?

– ஒரு வாசகி, திண்டுக்கல்.