உங்களுக்குத் தெரியுமா? ஆலை உழைப்பும் அச்சு ஓவியமும்

ஸ்ரீபெரும்புதூர் எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் சர்க்யூட் போர்டு லைனில் ஏறியதும் நடக்கும் முதல் வேலைகளில் ஒன்று அச்சடிப்பு! துளையிட்ட மெல்லிய எஃகு ஸ்டென்சில் வழியாக இயந்திரம் சால்டர் பேஸ்ட்டை இழுத்துப் பரப்புகிறது. ஸ்கிரீன் பிரிண்டிங் ஓவியர் மை இழுப்பதும் இப்படித்தான்.

போர்டின் செம்புத் தடங்களுக்கும் ஓவியர்களே முன்னோடிகள். வேண்டிய இடத்தை மூடிவிட்டு மற்றதை ரசாயனத்தில் அரிக்க விடுவது, எட்சிங் ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்த வேலை. 1930களில் லண்டனில் அதை மின்சுற்றுக்குக் கொண்டுவந்த பால் ஐஸ்லர், முன்பு வியன்னாவில் அச்சுத் தொழில் பழகியவர்.

அச்சு ஓவியர்கள் உழைப்பாளிகளின் வாழ்வையும் பதித்தார்கள். அன்று பிரஷ்யாவின் ஆட்சியில் இருந்த சைலீசியாவின் நெசவாளர்கள் 1844-இல் கூலிக்காகக் கொதித்தெழுந்தார்கள். ஜெர்மானிய ஓவியர் கேத்தே கொல்விட்ஸ் அதை 1893–97-இல் ஆறு அச்சு ஓவியங்களாக்கினார். முதல் படத்தில் தறி இருக்கும் அறையில் ஒரு குழந்தை சாகக் கிடக்கிறது. இந்தத் தொடருக்குத் தங்கப் பதக்கம் தர நடுவர்கள் பரிந்துரைத்தும் பேரரசர் இரண்டாம் வில்லியம் மறுத்துவிட்டார். தறிச் சத்தத்தில் வளர்ந்த காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அந்த முதல் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியவர் வங்கத்து ஓவியர் சித்தப்பிரசாத். 1943 பஞ்சத்தை நேரில் பார்த்து அவர் வரைந்த ‘பசித்த வங்காளம்’ நூலைப் பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து அழித்தது. பிறகு அவர் பம்பாயில் குடியேறி, லினோலியத்தைச் செதுக்கி உழைப்பாளிகளைப் பதித்தார். லினோவுக்குப் பிரஸ்கூட வேண்டாம். மை பூசி, காகிதம் வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்தாலே படம் விழும். ஒரே பலகையில் நிறையப் பிரதிகள் எடுக்கலாம், தொழிலாளி தன் வீட்டுச் சுவரிலும் மாட்டலாம். அதனாலேயே எனக்கு இந்தக் கலைமேல் இவ்வளவு மதிப்பு. 1950களில் அவர் ஏழைக் குழந்தைகளின் துயரத்தைச் செதுக்கிய தொடரை யுனிசெஃப்பின் டென்மார்க் குழு 1969-இல் நூலாக வெளியிட்டது.

வங்கத்தின் இன்னொரு ஓவியர் சோம்நாத் ஹோர் 1946-இல் தெபாகா உழவர் போராட்டத்தையும், அடுத்த ஆண்டு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களையும் கூடவே இருந்து வரைந்தார்.

2024-இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செல்போன் படங்கள் ஏராளம் வந்தன. ஆனால் கொல்விட்ஸ் போல ஒருவர் அதைச் செதுக்க வேண்டும் என்பது என் ஆசை. 1850-இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் அச்சு ஓவியம் கற்றுத்தருகிறார்கள். அந்த மாணவர்கள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஆலைகள் நிறைந்த ஒரகடத்துக்கு வந்து, கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பிள்ளைகளின் முகங்களை வரையட்டும்.