கம்பிச்சுருள் திருப்பித் தரும் மின்சாரம்

டெல்லி, பாட்னா, கொல்கத்தா போன்ற நகரங்களில் பேட்டரி ரிக்‌ஷாக்கள் ஓடுகின்றன. பல குடும்பங்களுக்கு அந்த வண்டிதான் பிழைப்பு. பேட்டரி மாற்றுவது பெரிய செலவு.

“பேட்டரிகளை வேறு விதமாக இணையுங்கள். மோட்டாரின் கம்பிச்சுருளே பேட்டரியை நிரப்பிவிடும். சார்ஜ் செய்யவே வேண்டாம்.” இப்படி யாராவது சொன்னால் நம்பலாமா?

மோட்டாருக்குள் செம்புக் கம்பிச்சுருள்கள் உள்ளன. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகும். பேட்டரி கொடுத்த ஆற்றலில் ஒரு பகுதி அந்தக் காந்தத்தில் தங்கும். மின்சாரத்தை நிறுத்தினால் காந்தம் மறையும். தங்கிய ஆற்றல் என்ன ஆகும்? அது மின்சாரத்தை மேலும் சிறிது நேரம் தள்ளும். மிதிப்பதை நிறுத்திய பிறகும் சைக்கிள் சற்றுத் தூரம் ஓடுகிறது அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

போக வழி இல்லை என்றால் மின்சாரம் காற்றில் தாவும். சுவிட்சில் பொறி பறக்கும். சுவிட்சின் முனை கருகும். ஆற்றலும் வீணாகும். அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி 1832-இல் இந்தப் பொறியைப் பற்றி எழுதினார்.

வீணாகும் ஆற்றலைப் பிடிக்க வழி உண்டு. அதற்கு டயோடு உதவும். டயோடு மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டுமே விடும். அதன் வழியாகச் சுருளின் மின்சாரத்தை வேறொரு பேட்டரிக்கு அனுப்பலாம்.

அந்தப் பேட்டரிகளை எப்படி இணைப்பது? இரண்டு வகை உண்டு.

தொடர் இணைப்பு: ஒரு பேட்டரியின் பிளஸ் முனை அடுத்ததன் மைனஸ் முனையோடு சேரும். 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு சேர்ந்தால் 24 வோல்ட்.

பக்க இணைப்பு: பிளஸ் பிளஸ்ஸோடு சேரும். மைனஸ் மைனஸோடு சேரும். 12 வோல்ட் அப்படியே இருக்கும். ஆனால் இரண்டு மடங்கு நேரம் மின்சாரம் கிடைக்கும்.

24 வோல்ட்டுக்கு அனுப்பினால் சுருளின் மின்சாரம் சீக்கிரம் அடங்கும். 12 வோல்ட்டுக்கு அனுப்பினால் சற்று நீண்ட நேரம் பாயும். வீணாவது கொஞ்சம் கூடும், குறையும். அவ்வளவுதான். சுருளில் தங்கிய ஆற்றலின் அளவு மாறாது. அதைவிட அதிகமாக எந்த இணைப்பும் தராது. கம்பி சூடாகும். டயோடும் சூடாகும். அந்தச் சூடு எல்லாம் இழப்பே. ஆகவே 100 பங்கு கொடுத்தால் 100 பங்கு திரும்பாது.

ரிக்‌ஷாவில் உள்ள கன்ட்ரோலர் மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை விட்டு விட்டு அனுப்புகிறது. இடைவெளியிலும் சுருளின் மின்சாரம் மோட்டாரிலேயே சுற்றி வேலை செய்கிறது. எனவே சுருளின் ஆற்றல் ஏற்கெனவே பயன்படுகிறது. அதற்குத் தனிக் கருவி வாங்கினால் பணம்தான் போகும்.

ஆபத்தும் உண்டு. சுருளிலிருந்து திடீரென வரும் மின்சாரம் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கலாம். அதைத் தொடக் கூடாது. சார்ஜ் ஆகும் ஈய-அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பொறி பட்டால் வெடிக்கும். ஆகவே காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் செய்ய வேண்டும்.

பல ரிக்‌ஷாக்களில் 12 வோல்ட் பேட்டரிகள் 4 தொடராக இருக்கும். மொத்தம் 48 வோல்ட். அவற்றில் ஒன்று பலவீனமானாலும் வண்டி தளரும். பழையதையும் புதியதையும் கலக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால், அளவு குறையும்போது டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். பேட்டரி நீண்ட நாள் உழைக்கும். செலவும் குறையும்.