கிணறு வற்றினால் யாரிடம் போவது?

2014 டிசம்பரில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பெருமளவில் புகுந்தது. அதன் பின்னர் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, ஊற்றுக்கள் ஓய்ந்தன, வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது. 2017இல் மக்கள் வீதிக்கு இறங்கினர். நீர் போனால் பயிர் போகும். பயிர் போனால் ஊரை விட்டே போகவேண்டி வரும். இடம்பெயர்ந்த உங்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. சட்டம் எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதையே இங்கு பார்க்கிறோம்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டமே இதற்கு அடிப்படை. அதன்கீழ் இயங்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபை இரண்டு கட்டங்களில் தலையிடுகிறது.

முதலாவது, வேலை தொடங்குமுன். பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். அது 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அந்நாட்களில் எவரும் எழுத்தில் கருத்துக் கூறலாம்.

இரண்டாவது, தொழில் நடக்கும்போது. கழிவை வெளியேற்றும் தொழில்கள் பல, சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். சிறிய தொழில்களுக்குப் பிரதேச சபை போன்ற உள்ளூராட்சி மன்றமே அதை வழங்குகிறது. நிபந்தனையை மீறினால் பத்திரம் இரத்தாகலாம். நீதவான் நீதிமன்றில் வழக்கும் தொடரப்படலாம்.

அதிகாரசபையே வாளாவிருந்தால்? சுன்னாகம் வழக்கு இதற்கு விடை தருகிறது. அங்கே மின்னுற்பத்தி நிலையமொன்றின் எண்ணெய்க் கழிவு கிணற்று நீரில் கலந்தது. 2015இல் உயர் நீதிமன்றில் அடிப்படை உரிமை மனுத் தாக்கலானது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் எதிர்மனுதாரராகப் பதில் சொல்லவேண்டி வந்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவைத் தாங்கவேண்டும் என்ற கொள்கையின்படி, நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமென 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பாயிற்று. ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை 40,000 ரூபா. நான்கு ஆண்டு காத்திருப்புக்கும் பழுதான கிணற்றுக்கும் இது ஈடாகாது. எனினும் மக்களின் முறைப்பாட்டுக்கு நீதிமன்றில் மதிப்புண்டு என்பது உறுதியாயிற்று.

ஆகவே நாம் சொல்வது இதுதான்:

• நீர் குறைந்த அல்லது நிறம் மாறிய திகதியைக் குறித்து வையுங்கள். படமும் எடுங்கள்.

• அதிகாரசபைக்கும் பிரதேச செயலாளருக்கும் எழுதுங்கள். பிரதியைக் கையில் வைத்திருங்கள். தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. முறைப்பாடு செய்யக் காணி உறுதி தேவையில்லை. லயத்தில் வாழ்பவரும் செய்யலாம்.

• அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே தவணை. தாமதியாமல் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

தனியொருவர் கடிதத்தை மேசையில் ஒதுக்கி வைப்பது எளிது. ஊரே ஒப்பமிட்ட கடிதத்தை அப்படி ஒதுக்க முடியாது.