பிரிண்ட் ஆன உலோகம் ஏன் வளையுது?

மெட்டல் 3டி பிரிண்டிங்ல ஒரு பெரிய தலைவலி இருக்கு: ரெசிடுவல் ஸ்ட்ரெஸ், தமிழ்ல எச்சத் தகைவு. வெளியிலிருந்து யாரும் இழுக்கல, அழுத்தல. ஆனா உலோகத்துக்குள்ள ஒரு இழுபறி நடந்துட்டே இருக்கும்.

விமானத்துலயும் இடுப்பு எலும்பு இம்ப்ளான்ட்லயும் வர்ற டைட்டானியம் அலாயையே எடுத்துக்கலாம். லேசர் படுற இடத்துல பவுடர் 1,600 டிகிரி செல்சியஸுக்கு மேல போய் உருகும், கண் சிமிட்டறதுக்குள்ள உறையும். ஆறும்போது அது சுருங்கணும். ஆனா கீழ ஏற்கெனவே கெட்டியான லேயர் விடாது. வத்தின ஏரியில சேறு காய்ஞ்சு ஓரம் மேல சுருண்டு நிக்கும் பாருங்க, அதே கதைதான். ஒரு லேயர் 30-லிருந்து 60 மைக்ரான். அப்படி ஆயிரக்கணக்கான லேயரும் இழுத்தா, ஒரு ஓரம் தூக்கி, பவுடர் பரப்புற பிளேடுல இடிக்கும். ரெண்டு நாள் ஓடின பிரிண்ட் அங்கேயே காலி. தப்பிச்சு வந்தாலும், மேற்பரப்புல மிச்சமிருக்கற இழுவிசை விரிசலுக்கு வழி விடும்.

சரி, லேசர் பவரைக் குறைச்சா? பவுடர் சரியா உருகாம உள்ளே ஓட்டை விழும். லேயரைத் தடிமனாக்கினா ஸ்ட்ரெஸ் ஓரளவு குறையலாம், ஆனா மேற்பரப்பு சொரசொரன்னு வரும், ஓட்டைக்கும் வாய்ப்பு அதிகம்.

லேசர் ஓடற பாதையை மாத்தறது இதைவிடப் புத்திசாலித்தனம். நீளக் கோடா போனா அந்தத் திசையில இழுப்பு கூடும். அதனால பரப்பைச் சின்னச் சின்னக் கட்டமாப் பிரிச்சு, குட்டிக் கோடா ஓட்டுவாங்க. லேயருக்கு லேயர் திசையை 67 டிகிரி திருப்பறதும் உண்டு. அது ஏன் 67? அது பகா எண். 180 லேயர் கழிச்சுதான் கோடு பழைய திசைக்கே வரும். கோடு எழுதற எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இது!

ஆனா என் ஓட்டு முன்கூட்டியே சூடாக்கறதுக்குத்தான். சூட்டு வித்தியாசம்தானே மூல காரணம்? லேசர் மெஷின்ல அடித்தட்டைப் பெரும்பாலும் 200 டிகிரி வரைக்கும்தான் சூடாக்குவாங்க. எலக்ட்ரான் பீம் மெஷின்ல டைட்டானியத்துக்குப் பவுடர் படுக்கையே 700 டிகிரி பக்கம் இருக்கும். அங்க இந்தப் பிரச்சினை ரொம்பக் கம்மி.

லேசர்ல பிரிண்ட் பண்ணினவங்க, பார்ட்டைத் தட்டோட சேர்த்தே ஃபர்னஸ்ல வச்சு, டைட்டானியம்னா சுமார் 800 டிகிரியில சில மணிநேரம் விட்டு, அப்புறம்தான் வயர் கட் போடுவாங்க. அவசரப்பட்டு முதல்ல வெட்டினா, பார்ட் வில்லு மாதிரி வளைஞ்சு மேல எழும்பும்.