ஒரே 'கிளிக்'குக்குக் காப்புரிமையா?

புது தில்லி: முகவரியையும் கடன் அட்டை எண்ணையும் ஒருமுறை பதிந்து வைத்தால், மறுமுறை ஒரே 'கிளிக்'கில் பொருள் வாங்கலாம். மளிகைக் கடையில் "கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வருவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. ஆயினும், இதற்காக அமேசான் நிறுவனத்துக்கு 1999 செப்டம்பரில் காப்புரிமை வழங்கியது அமெரிக்கா. அடுத்த மாதமே வழக்கு, டிசம்பரில் தடை. போட்டியாளரான பார்ன்ஸ் அண்ட் நோபிள், தன் வாடிக்கையாளர்கள் கூடுதலாக ஒரு 'கிளிக்' செய்யும்படி தளத்தை மாற்ற நேர்ந்தது. 2001-ல் தடை நீங்கினாலும், காப்புரிமை 2017 வரை நீடித்தது.

இந்தியாவில் இதற்கு இடமில்லை. காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, வணிக முறைகளை விலக்கி வைத்துள்ளது. கணினி நிரல்களுக்காவது சற்று நெகிழ்வு உண்டு. வணிக முறைக்கு அதுவும் கிடையாது. இணையவழிப் பரிசளிப்பு முறை தொடர்பான ஓபன் டிவி நிறுவனத்தின் மேல்முறையீட்டை 2023 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் நிராகரித்தது இதன்படியே. ஆனால், இத்தகைய விலக்குகளை மறுபரிசீலனை செய்வது அவசியம் என்றும் அதே தீர்ப்பு கூறியது.

புதிய மருந்துக்குப் பல்லாண்டு ஆய்வும் பெருஞ்செலவும் தேவை. கடை நடத்தும் யோசனைக்கு அவை தேவையில்லை. அமேசானுடன் வழக்காடப் போட்டி நிறுவனத்திடம் பணம் இருந்தது. இணையத்தில் சேலை விற்கும் சிறு வணிகரோ, வழக்கறிஞர் நோட்டீஸைக் கண்டதுமே கடையை மூடிவிடுவார்.